பெரியாரின் கொள்ளுப்பேரனும் ஒரு டீக்கடைப் பந்தயமும்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். "ஈரோடு கிழக்கில் எம்.எல்.ஏ.வாக இருந்து இறந்துபோன திருமகன் ஈவெராவைப் பெரியாரின் கொள்ளுப்பேரன் என்கிறான் என் நண்பன். பெரியாருக்குத்தான் பிள்ளையே இல்லையே, அப்புறம் ஏது கொள்ளுப்பேரன்? எப்படியிருந்தாலும் அந்தப் பேரை வைத்துத்தானே ஜெயித்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டீக்கடையில் இதற்குப் பந்தயமும் கட்டியாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலுக்குப் பார்த்தால் இது உறவுமுறைக் கேள்வி. உள்ளே இருப்பது வேறு: கொங்கு நாட்டில் ஒரு குடும்பப் பெயருக்கு எத்தனை ஓட்டு விழும்? நான் 30 வருஷத்துக்கு மேல் ஈரோட்டில் இருந்து ஒரு நாளிதழுக்குத் தேர்தல் செய்தி எழுதியவன். இப்போது ஓய்வுபெற்று, பெருந்துறைப் பக்கம் நாலு தென்னையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். எது பதிவேட்டில் இருப்பது, எது என் கணிப்பு என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறவு. பெரியாருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் மாதத்திலேயே இறந்துவிட்டது. அதன்பின் பிள்ளை இல்லை. அந்த மட்டில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் அவருக்கு ஓர் அண்ணன் உண்டு, ஈ.வெ. கிருஷ்ணசாமி. அவர் மகன் ஈ.வெ.கி. சம்பத். சம்பத்தின் மகன் இளங்கோவன். இளங்கோவனின் மகன் திருமகன். நம் வழக்கத்தில் அண்ணன் பிள்ளை நம் பிள்ளைதான். அண்ணன் மகனைப் பார்த்து "இவன் என் மகன் முறை" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வோம்? அப்படி எண்ணிக்கொண்டு வந்தால் சம்பத் மகன், இளங்கோவன் பேரன், திருமகன் கொள்ளுப்பேரன். திருமகனுக்குப் பெரியார் பூட்டன் முறை. ஆகவே பத்திரிகைகள் எழுதியது பிசகு இல்லை. நேர் வாரிசு என்று யாராவது எழுதியிருந்தால்தான் பிசகு.

இந்த வீட்டுக்காரர்களின் இனிஷியலைக் கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது எப்போதுமே ரசமான விஷயம். ஈரோடு, வெங்கடப்பர் என்ற இரண்டு எழுத்தோடு ராமசாமி. அடுத்த தலைமுறையில் கிருஷ்ணசாமியின் "கி" ஒட்டிக்கொண்டது. அதற்கும் அடுத்ததில் சம்பத்தின் "ச" சேர்ந்து ஈ.வெ.கி.ச. இளங்கோவன் ஆனது. தலைமுறைக்கு ஓர் எழுத்தாக நீண்டுகொண்டே வந்தது. நாலாவது தலைமுறையில் அந்த வரிசையை விட்டுவிட்டு, "ஈவெரா" என்று ஒரேயடியாகச் சின்னப் பூட்டனிடம் தாவி, அந்த மூன்றெழுத்தையே பெயரின் பாதியாக வைத்துக்கொண்டார்கள். இனிஷியலே பெயரான கதை. வாக்குச் சீட்டில் அது எப்படிப் படிக்கப்படும் என்பதைத் திருமகன் பிறந்தபோதே பெற்றோர் யோசித்திருக்க மாட்டார்கள், ஆனால் ஈரோட்டில் அந்தச் சொல்லை யாரும் கவனிக்காமல் தாண்ட முடியாது.

இனி அந்தப் பெயரின் வரலாறு. இங்கேதான் வேடிக்கை. பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்திருக்கிறார். 1919ல் அதை உதறிவிட்டுக் காங்கிரஸுக்குப் போனார். அதன்பின் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ தனக்கென்று ஓட்டுக் கேட்டு ஒரு தெருவிலும் நடந்ததில்லை. அவருடைய திராவிடர் கழகம் இன்றுவரை தேர்தலில் நிற்பதில்லை. தனக்கு ஓட்டே கேட்காதவர் பெயர்தான் ஓட்டுக்கு உதவும் குடும்பப் பெயராக வந்து சேர்ந்தது.

வாரிசுச் சண்டை என்பதும் இந்த வீட்டுக்குப் புதிது இல்லை. 1949ல் பெரியார் மணியம்மையாரைத் திருமணம் செய்தபோது, இயக்கம் யார் கைக்குப் போகும் என்ற கேள்விதான் கட்சியை உடைத்தது. ரத்த உறவான சம்பத் சித்தப்பாவோடு நிற்கவில்லை. அண்ணாவோடு வெளியேறினார். செப்டம்பர் 17ல், பெரியார் பிறந்த நாளிலேயே, திமுக பிறந்தது. அண்ணா, நெடுஞ்செழியன், சம்பத், மதியழகன், என்.வி. நடராசன் என்று ஐம்பெருந்தலைவர்கள் என்ற வரிசையில் சம்பத் ஒருவர். அப்போது அவருக்கு வயது 23. நீங்கள் "இளம் அரசியல்வாதி" என்று யாரையாவது தேடினால் இந்தக் குடும்பத்தில் அவர்தான் அசல்.

1957 நாடாளுமன்றத் தேர்தலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். திமுக முதன்முறையாகக் களத்தில் இறங்கிய தேர்தல். டெல்லிக்கு இரண்டே பேர் போனார்கள். திருவண்ணாமலையில் தர்மலிங்கம், நாமக்கல்லில் சம்பத். பெரியார் அப்போது காமராஜரின் காங்கிரஸை ஆதரித்துக்கொண்டிருந்தார். அதாவது சித்தப்பா எதிர்ப்பக்கம் நிற்கத்தான் சம்பத் நாமக்கல்லில் ஜெயித்தார். பக்கத்துத் தொகுதியான திருச்செங்கோட்டில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். அதே தேர்தலில் கோயம்புத்தூரில் கம்யூனிஸ்டாக ஜெயித்தவர் பார்வதி கிருஷ்ணன். அவர் யார்? அதே சுப்பராயனின் மகள். அப்பா ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர்க்கட்சி வரிசையில். கொங்கு நாட்டின் இரண்டு பெரிய அரசியல் வீடுகளும் அந்த ஒரு தேர்தலில் மூன்று கட்சியாகப் பிரிந்து டெல்லிக்குப் போயின. குடும்ப ஓட்டு, குடும்பச் செல்வாக்கு என்று பேசுகிறவர்கள் 1957க்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

குமாரமங்கலம் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் முழுமையாகாது. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். அவர் அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார்தான், அரசு வேலையைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவைச் செயலுக்குக் கொண்டுவந்தவர். அதைப் பெரியார் கொண்டாடினார். பத்து வருஷம் கழித்து அதே சுப்பராயன் ராஜாஜி அமைச்சரவையில் கல்வி மந்திரி. பள்ளியில் இந்தி வந்தது அந்த ஆட்சியில். அதை எதிர்த்துப் பெரியார் சிறைக்குப் போனார். ஈரோடும் திருச்செங்கோடும் அவ்வளவு கிட்ட, அவ்வளவு தூரம். சுப்பராயனின் மகன்களில் ஒருவர் நாட்டின் ராணுவத் தளபதி. இன்னொருவர் மோகன், இளமையில் கம்யூனிஸ்ட், பிறகு சென்னை மாநில அட்வகேட் ஜெனரல், அதற்கும் பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகுத் துறை மந்திரி. 1973 மே 31ல் டெல்லிக்கு அருகே விமான விபத்தில் இறந்தார்.

அந்த மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம். 1984ல் சேலத்தில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று எம்.பி. ஆனபோது அவருக்கு 32 வயது. 1989, 1991லும் அதே சேலம். மூன்று முறையும் அதிமுக கூட்டணி. நரசிம்ம ராவ் அரசில் இணையமைச்சராக இருந்து விலகி, காங்கிரஸில் இருந்து பிரிந்த திவாரி காங்கிரஸுக்குப் போய், 1997ல் பாஜகவில் சேர்ந்தார். 1998ல் திருச்சியில் பாஜக சார்பில் நின்று ஜெயித்தார், அப்போது அதிமுக கூட்டணி. அடுத்த வருஷமே மறுபடி தேர்தல். அதே ஆள், அதே தாமரை, அதே திருச்சி, இம்முறை திமுக கூட்டணி. மறுபடியும் ஜெயித்தார். மத்திய மின்துறை அமைச்சராக இருக்கும்போதே 2000 ஆகஸ்டில் 48 வயதில் இறந்தார். 2001 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி அதிமுகவின் தலித் எழில்மலைக்குப் போனது. 2009ல் ரங்கராஜனின் சகோதரி லலிதா அதே திருச்சியில் அதே தாமரையில் நின்றார். இரண்டு பெரிய கட்சியும் துணைக்கு இல்லை. தோற்றார். பேர் அதேதான், ஊரும் அதேதான். இல்லாமல் போனது கூட்டணி. என் வாதத்தின் பாதி இதிலேயே இருக்கிறது.

ஈரோட்டுக்கு வருவோம். சம்பத் 1961 ஏப்ரலில் திமுகவை விட்டு விலகி, கண்ணதாசன் முதலியவர்களோடு தமிழ்த் தேசியக் கட்சி ஆரம்பித்தார். திராவிட நாடு நடக்காத காரியம் என்று பகிரங்கமாகச் சொன்னவர் அவர். பேச்சாளர் என்றால் அப்படி ஒரு பேச்சாளர் என்று எங்கள் அய்யன் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1962 தேர்தலில் அந்தக் கட்சி எடுபடவில்லை, 1964ல் காங்கிரஸில் கரைந்தது. சம்பத் 1977ல் காலமானார். அவர் மனைவி சுலோசனா சம்பத் அதிமுகவில் கடைசிவரை முக்கியப் பொறுப்பில் இருந்தவர். மகன் இளங்கோவன் காங்கிரஸில். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரட்டை இலையும் கையும். கொங்குச் சீமையில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். பங்காளிகள் ஆளுக்கொரு கட்சியில் இருந்தால் எந்த ஆட்சி வந்தாலும் காரியம் நடக்கும் என்று கணக்குப் போடுகிற ஊர் இது. அந்த வீட்டில் அப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர் அப்படிப் பார்க்கும் என்கிறேன், அவ்வளவுதான்.

இளங்கோவன் 1984ல் சத்தியமங்கலத்தில் எம்.எல்.ஏ. ஆனார். 2004ல் கோபிசெட்டிபாளையத்தில் ஜெயித்து, மன்மோகன் சிங் அரசில் ஜவுளித்துறை இணையமைச்சர். தறியும் சாயமும் ஜவுளிச் சந்தையுமாக இருக்கிற வட்டாரத்துக்கு ஜவுளி மந்திரி. 2009ல் தொகுதி மறுவரையறையில் கோபி நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போய், ஈரோடு புதிதாக வந்தது. அதில் அவர் நின்றார். மந்திரி, உள்ளூர்க்காரர், பெரியார் வீட்டுப் பேரன், திமுக கூட்டணி. இவர் எப்படித் தோற்பார் என்று அடித்துச் சொல்லி எழுதினேன். தோற்றார். மதிமுகவின் கணேசமூர்த்தி ஜெயித்தார். அந்த வருஷம் புதிதாக முளைத்திருந்த கொங்குநாடு முன்னேற்றக் கழகம் மேற்கு மண்டலம் முழுக்கப் பெருவாரியாக ஓட்டுப் பிரித்ததை நான் சரியாக எடை போடவில்லை. அதற்கப்புறம் "இவர் நிச்சயம்" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். 2014ல் திருப்பூரில் தோல்வி. 2019ல் தேனிக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதியில் திமுக கூட்டணி 38ஐ ஜெயித்த அலை, விட்டுப்போன ஒன்று தேனி. அங்கே ஓ. பன்னீர்செல்வத்தின் மகனிடம் தோற்றார். ஒரு வாரிசை இன்னொரு வாரிசு தோற்கடித்த தேர்தல். அப்பா பெயர் மட்டும் போதும் என்றால் இருவரில் யார் ஜெயித்திருக்க வேண்டும், சொல்லுங்கள்?

இந்தப் பின்னணியோடுதான் 2021ஐப் பார்க்க வேண்டும். ஈரோடு கிழக்கு என்பது 2011 தேர்தலில் இருந்துதான் இருக்கிறது. முழுக்க டவுன் தொகுதி, அந்தச் சமயத்தில் சுமார் 2.27 லட்சம் வாக்காளர்கள். சுற்றியுள்ள கிராமத் தொகுதிகளில் கொங்கு வேளாளர் ஓட்டு தீர்மானிக்கிற மாதிரி இங்கே ஒரு சாதி தீர்மானிக்காது. முதலியார், நாயுடு, கவுண்டர், பட்டியல் சாதியினர், முஸ்லிம், கிறிஸ்தவர், வடநாட்டு வியாபாரி என்று கலந்து கிடக்கிற மண்டிக்கடைத் தொகுதி. பெரியார் குடும்பமே விவசாயக் குடும்பம் இல்லை, வியாபாரக் குடும்பம். இந்த வீட்டுப் பெயர் கொஞ்சமாவது எடுபடும் இடம் என்றால் அது இதுதான், தோட்டங்காட்டுப் பக்கம் இல்லை. இது என் கணிப்பு. பதிவேட்டில் இருக்கிற சங்கதி இது: காங்கிரஸ் வேட்பாளர் திருமகன் 67,300, எதிரே அதிமுகவின் இரட்டை இலையில் நின்ற தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) யுவராஜா 58,396. வித்தியாசம் 8,904. நாம் தமிழரும் மக்கள் நீதி மய்யமும் ஆளுக்குப் பத்தாயிரம் சுமாருக்கு வாங்கினார்கள். எதிர்த்து நின்ற தமாகாவும் மூப்பனார் தொடங்கி அவர் மகன் நடத்துகிற கட்சி. எனவே வாரிசு அரசியல் என்று அந்தப் பக்கத்தில் இருந்து பெரிதாகக் கூவ முடியவில்லை.

8,904 பெரிதா, சிறிதா? மாநிலத்தில் திமுக ஆட்சி பிடித்த தேர்தல்தான். ஆனால் மேற்கே அலை அடிக்கவில்லை. கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அதிமுக அணி. ஈரோடு மாவட்டத்தின் எட்டில் திமுக அணிக்குக் கிடைத்தது மூன்று: ஈரோடு கிழக்கு, ஈரோடு மேற்கு, அந்தியூர். பக்கத்து மொடக்குறிச்சியில் மத்திய மந்திரியாக இருந்த சுப்புலட்சுமி ஜெகதீசன் 281 ஓட்டில் பாஜகவிடம் தோற்றார். அப்படிப்பட்ட வருஷத்தில், முதன்முறை நிற்கிற ஒருவர் எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஜெயித்ததை அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. அதே சமயம் பக்கத்தில் ஈரோடு மேற்கிலும் அதே அணிதான் ஜெயித்தது, அங்கே நின்றவர் சு. முத்துசாமி. இரண்டு டவுன் தொகுதியும் ஒரே பக்கம் போயிருக்கும்போது, இதில் பெயருக்கு விழுந்தது எவ்வளவு, உதயசூரியன் கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய் வாங்கித் தந்தது எவ்வளவு என்று பிரித்து எடுக்க முடியாது. பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற அன்னப்பறவை பத்திரிகைத் தொழிலில் கிடையாது.

பெயர் உறுதியாக வாங்கித் தந்தது ஒன்று உண்டு: சீட்டு. காங்கிரஸுக்குக் கூட்டணியில் கிடைத்ததே 25 இடம். அதில் 18ஐ ஜெயித்தார்கள். ஒரு மாவட்டத்தில் கட்சிக்கு ஒரு தொகுதி கிடைப்பதே பாடு. அந்த ஒன்றுக்கு முப்பது வருஷம் கொடி பிடித்தவர்கள் பத்துப் பேர் காத்திருப்பார்கள். காங்கிரஸின் மாநிலத் தலைவராக இருந்த இளங்கோவனின் மகனுக்கு வரிசையில் முன்னிடம் கிடைத்தது. இதை நியாயம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் மழுப்ப மாட்டேன். வாரிசு அரசியலின் விலையைக் கொடுப்பவன் எதிர்க்கட்சிக்காரன் இல்லை, சொந்தக் கட்சியில் போஸ்டர் ஒட்டியே நரைத்துப்போனவன்.

அடுத்தது, எம்.எல்.ஏ.வாக என்ன செய்தார் என்ற கேள்வி. 2021 மே முதல் 2023 ஜனவரி 4 வரை, இருபது மாதம். அதில் முதல் மாதங்கள் கொரோனா இரண்டாம் அலை. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சி உறுப்பினர் என்பது ஒரு தர்மசங்கடமான நாற்காலி. மந்திரியைத் திட்டவும் முடியாது, மந்திரி ஆகவும் முடியாது. வருஷத்துக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அதில் சாக்கடை, பாலம், அங்கன்வாடிக் கட்டடம், ஆழ்துளைக் கிணறு என்று போகும். ஈரோட்டின் பெரிய நோய்களான சாயக்கழிவு, காலிங்கராயன் வாய்க்காலின் கதி, பெரும்பள்ளம் ஓடை, விசைத்தறிக்காரனின் நூல் விலை இவையெல்லாம் அந்த நிதிக்கு அடங்காதவை. முதல் இரண்டு வருஷத்தில் ஒரு புது எம்.எல்.ஏ. எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கோப்பு தூங்குகிறது என்று கற்றுக்கொண்டால் அதுவே பெரிது. மனுவுக்குப் பதில் வருமா, போனை எடுப்பாரா என்பதுதான் ஜனங்கள் பார்க்கிற பரீட்சை. அந்தப் பரீட்சையில் மதிப்பெண் போடுவது அடுத்த தேர்தல். அது அவருக்கு வரவேயில்லை. ஆகையால் நல்ல எம்.எல்.ஏ.வா இல்லையா என்று எவர் கேட்டாலும் நான் தீர்ப்பு எழுத மாட்டேன். இறந்தவர் என்பதால் புகழ்வதும், வாரிசு என்பதால் இகழ்வதும் இரண்டும் சோம்பேறித்தனம்.

மாரடைப்பால் இறந்தபோது வயது 46. "இளம் எம்.எல்.ஏ." என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. நம் அரசியலில் 46 இளமைதான், ஜவுளிக் கடையில் அந்த வயதுக்காரரை "அண்ணே" என்று கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். முதல்வர் ஸ்டாலின் ஈரோட்டுக்கே வந்து அஞ்சலி செலுத்தினார். அடுத்த வாரம் சட்டமன்றக் கூட்டத்தொடர் அவர் இல்லாமல் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மறக்க முடியாதது என்பேன். காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். 2023 பிப்ரவரி 27 இடைத்தேர்தல். வீட்டின் இளைய மகன் பெயரும் பேசப்பட்டது. கடைசியில் கட்சி நிறுத்தியது இளங்கோவனை. அப்பன் விட்ட இடத்தில் மகன் உட்காருவதுதான் வாரிசு அரசியல். இங்கே மகன் விட்ட இடத்தில் அப்பன் உட்கார்ந்தார், 74 வயதில். அவர் கடைசியாக எம்.எல்.ஏ.வாக இருந்த சட்டமன்றம் 1988ல் கலைக்கப்பட்டது. முப்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடி அந்த வாசற்படி. பிரசாரத்துக்குப் போன நாட்களில் அவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க எனக்கே வாய் வரவில்லை. பிள்ளையை இழந்து ஓரிரு மாதம்கூட ஆகாதவரிடம் என்ன கேட்பது?

ஆனால் அந்தத் தேர்தல் துக்கத் தேர்தலாக நடக்கவில்லை. 77 வேட்பாளர்கள். நோட்டாவோடு சேர்த்து 78 பட்டன். ஒரு கருவியில் 16தான் கொள்ளும், ஆகவே சாவடிக்கு ஐந்து கருவிகளை வரிசையாக வைத்தார்கள். கிழவிகள் உள்ளே போய் எந்தப் பெட்டி என்று திணறி வெளியே வந்தார்கள். வாக்காளர்களைக் கொட்டகைகளில் ஆட்டுப்பட்டி மாதிரி அடைத்து வைத்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்ட, ஆளுங்கட்சி மறுக்க, "பட்டி" என்ற நம்ம ஊர்ச் சொல் மாநிலம் முழுக்கப் பிரபலமானது. அதிமுக உள்ளுக்குள் இரண்டாகக் கிடந்தது. முடிவு: இளங்கோவன் 1,10,156, அதிமுக தென்னரசு 43,923. வித்தியாசம் 66,233. மகன் வாங்கியதைவிட ஏழு மடங்குக்கு மேல். இதை அனுதாப ஓட்டு என்றார்கள் சிலர், பணம் என்றார்கள் சிலர், பெரியார் வீட்டுப் பெருமை என்றார்கள் சிலர். ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் மந்திரிகள் தெருத்தெருவாக உட்கார்ந்திருக்கும்போது விழுகிற ஓட்டுக்கு இது இதனால் என்று லேபிள் ஒட்ட முடியாது.

எனக்கு இந்தச் சந்தேகம் தீர்ந்தது 2025ல். இளங்கோவன் 2024 டிசம்பர் 14ல் காலமானார். ஒரே சட்டமன்றக் காலத்தில் அதே தொகுதிக்கு இரண்டாவது இடைத்தேர்தல், 2025 பிப்ரவரி 5. இம்முறை அந்த இடத்தைக் காங்கிரஸ் விட்டுக்கொடுக்க, திமுகவே நின்றது. வேட்பாளர் வி.சி. சந்திரகுமார். இந்தத் தொகுதியின் முதல் எம்.எல்.ஏ.வே அவர்தான். 2011ல் தேமுதிக, அதிமுக கூட்டணியில் ஜெயித்தவர். 2016ல் உதயசூரியனில் நின்று தென்னரசுவிடம் தோற்றவர். 2025ல் அதிமுகவும் பாஜகவும் புறக்கணித்ததால் எதிரே பெரிய கட்சி என்று நாம் தமிழர் மட்டும். அந்தக் கட்சியின் சீமான் அந்த நேரம் பார்த்துப் பெரியாரைக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். பெரியார் பிறந்த ஊரில், பெரியாரையே பொருளாக வைத்து நடந்த தேர்தல். அதில் பெரியார் வீட்டு ஆள் ஒருவரும் வேட்பாளர் இல்லை. சந்திரகுமார் 1,15,709, நாம் தமிழர் சீதாலட்சுமி 24,151, டெபாசிட் போயிற்று. வித்தியாசம் 91,558. குடும்பப் பெயர் இருந்தபோது 8,904, இல்லாதபோது 91,558. இதை வைத்துப் பெயரால் ஓட்டுக் குறைகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள் அல்லவா? பெயரால்தான் 66,233 வந்தது என்பதற்கும் அதே சிரிப்பைச் சிரியுங்கள்.

ஆக, எதில் உறுதியாக இருக்கிறேன், எதில் இல்லை என்று கேட்டால்: உறவுமுறையும் எண்ணிக்கைகளும் உறுதி. பெயர் சீட்டு வாங்கித் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொதுத்தேர்தலில் ஓட்டைக் கூட்டணிதான் வாங்கித் தருகிறது என்பதில், சேலம், திருச்சி, தேனி, ஈரோடு எல்லாம் பார்த்த பிறகு, பெரும்பாலும் உறுதி. 2021ல் டவுனுக்குள் அந்த மூன்றெழுத்துக்கு இரண்டாயிரம் ஓட்டாவது விழுந்திருக்கும் என்று என் உள்மனசு சொல்கிறது. அதற்கு ஆதாரம் கேட்டால் கையை விரிப்பேன். நெருக்கமான தேர்தல் ஒன்றில் அந்த இரண்டாயிரமே முடிவை மாற்றலாம், மொடக்குறிச்சியில் 281தான் வித்தியாசம் என்பதை மறக்காதீர்கள். 2021 ஈரோடு கிழக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை.

பந்தய விஷயத்துக்கு வருகிறேன். கொள்ளுப்பேரன் என்ற பாதியில் உங்கள் நண்பர் ஜெயித்துவிட்டார், அதற்கு நீங்கள் டீ வாங்கித் தரத்தான் வேண்டும். பேரை வைத்து ஜெயித்தார் என்ற பாதியில் இருவருமே ஜெயிக்கவில்லை. வடைக் காசை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிடுங்கள்.